அச்சமும் அடிவைப்பும்: அமெரிக்கத் தமிழரிடையே சிலம்பமும் தற்காப்பு உளநிலையும்

நியூ ஜெர்சி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, டெக்சஸ் ஆகிய மூன்று நிலப்பகுதிகளிலும் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். அங்கு நிகழும் பொங்கல் விழாக்களிலும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழாக்களிலும் சிலம்பம் இன்று பறைக்கும் கரகத்துக்கும் இணையான இடத்தைப் பெற்றுள்ளது. வார இறுதிகளில் வாடகைக்கு எடுத்த பள்ளிக் கூடங்களிலும் பூங்காக்களிலும் சிறுவரும் சிறுமியரும் கம்பு சுழற்றக் கற்கின்றனர். இப்பயிற்சியைப் பற்றிய பேச்சில் மூன்று கூற்றுகள் மாறாமல் இடம்பெறுகின்றன: சிலம்பம் மிகத் தொன்மையானது, உடலுக்கு உறுதி தருவது, தற்காப்புக்கு உதவுவது. முதற்கூற்றை வரலாற்றறிஞர் ஓரளவு சோதித்துள்ளனர். இரண்டாவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மூன்றாவது கூற்றுத்தான் எவராலும் வினவப்படாமல் நிற்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, மேடையில் தான் சுழற்றிய கம்பு தன்னைக் காக்கும் என்று நம்புவாளாயின் அந்நம்பிக்கைக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா தமிழியலின் எல்லைக்குள் அடங்குவதே.

இக்கட்டுரை அவ்வினாவை மூன்று வகைப் பனுவல்களின் துணையோடு அணுகுகிறது. முதல்வகை சங்கப் புறப்பாடலும் திருக்குறளும். இரண்டாவது, தென்னிந்தியப் போர்க்கலைகளைக் களப்பணியின்வழி ஆராய்ந்த இரு நூல்கள்: களரிப்பயிற்றைப் பற்றிய பிலிப் சரில்லியின் ‘உடலெல்லாம் கண்ணாகும்போது’ (1998), வர்மக்கலையைப் பற்றிய ரோமன் சீலரின் ‘கொல்லும் புள்ளிகள், உயிர்நிலை மறைகள்’ (2015). மூன்றாவது, வட அமெரிக்காவில் தற்காப்பு உளநிலை பற்றி எழுந்துள்ள நூல்களும் ஆய்வுகளும். இம்மூவகை எழுத்தும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தவை. அவை சந்தித்திருக்கக்கூடிய இடம் அமெரிக்கத் தமிழரின் பயிற்சிக்கூடம். ஆனால் அங்கும் அச்சந்திப்பு இதுவரை நிகழவில்லை.

தொன்மையின் சுமை

விழாத் தொகுப்புரைகளில் சிலம்பத்தின் வயது ஐயாயிரம் ஆண்டு என்று சொல்லப்படுவதுண்டு. போதிதருமர் காஞ்சியிலிருந்து சீனம் சென்று சாவோலின் மடத்துத் துறவியர்க்குப் போர்க்கலை கற்பித்தார் என்பதும் அதனுடன் சேர்ந்து வருகிறது. 2011இல் வெளிவந்த ஏ. ஆர். முருகதாசின் ‘7ஆம் அறிவு’ இக்கதையைப் புலம்பெயர் இளையோரின் பொது அறிவாக்கிவிட்டது. சாவோலின் மடத்தைப் பற்றிய மெய்ர் ஷஹாரின் நூல் (2008) இக்கதை எங்கே பிறந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. போதிதருமரின் பெயரால் வழங்கும் ‘யிச்சின் சிங்’ என்னும் தசைநாண் பயிற்சி நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் முன்னுரைகள் பழமை காட்டுவதற்காகப் புனையப்பட்டவை. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளுள் ஒன்று போதிதருமரைப் பாரசீகத்தவர் என்கிறது. வேறு சில தென்னிந்தியர் என்கின்றன. அவற்றில் பல்லவர் என்ற பெயரும் இல்லை, போர்ப்பயிற்சி பற்றிய பேச்சும் இல்லை.

இக்கதையை மறுப்பது எளிது. மறுப்பதோடு நின்றுவிடும் ஆய்வு பயனற்றது. ஏனெனில் அக்கதை மறைத்துவிடும் பொருள் அதனினும் அரியது. உறந்தை இளவரசனான சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூற்றின் ஆறு பாடல்கள் கூறுகின்றன. சாத்தந்தையார் பாடியவை மூன்று (80, 81, 82). பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை மூன்று (83, 84, 85). வெறுங்கைப் போரைப் பற்றி இத்துணை நெருக்கமாகப் பேசும் பழந்தமிழ்ப் பாடல்கள் அரிது. எண்பதாம் பாடலில் மல்லனின் மார்பில் ஒரு கால் ஊன்றியிருப்பதும், மற்றொரு கால் அவனது முயற்சியைப் பின்புறமாகத் தடுப்பதும், தலையும் காலும் ஒருசேர வளைக்கப்படுவதும் வினைநிலையில் சொல்லப்படுகின்றன. மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதைக் காணவேண்டும், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் காணவேண்டும் என்பது புலவரின் விருப்பம். உடலின் நுட்பமும் குடும்பத்தின் பிணக்கும் ஒரே பாடலுக்குள் நிற்கின்றன.

இவற்றினும் ஆழமானது எண்பத்திரண்டாம் பாடல். போரின் விரைவைச் சொல்லப் புலவர் தேர்ந்த உவமை, கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கை ஊசி. ஊரில் விழா நெருங்கிவிட்டது; மனைவி மகப்பேற்று வேதனையில் இருக்கிறாள்; மழை பெய்கிறது; பொழுதும் சாய்கிறது. இத்தனை நெருக்கடிகளுக்கு நடுவே விரையும் ஊசியைப் போன்றது அப்போர். இங்கே விரைவு அழகுக்காக வரவில்லை. பல நெருக்கடிகள் ஒருங்கே அழுத்தும்போது கை தன் பயிற்சியால் மட்டுமே இயங்கும் நிலையை உவமை காட்டுகிறது. இன்றைய தற்காப்புப் பயிற்றுநர் அழுத்தநிலைப் பயிற்சி என்று வழங்குவதன் மிகப் பழைய தமிழ்ச் சித்திரம் இதுவே எனலாம். அந்த உவமைக்கு உரியவரைப் பாடல் இழிசினன் என்ற சொல்லால் சுட்டுகிறது. அரசன் கையின் விரைவை அளக்க அக்காலச் சமுதாயம் தாழ்த்திய ஒருவரின் கையே அளவுகோலாயிற்று என்பதை உரைகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன.

க. கைலாசபதியின் தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய நூல் (1968) இப்பாடல் மரபின் வாய்மொழித் தன்மையில் நாட்டம் கொண்டது. கையும் காலும் செய்யும் வினை அதன் பொருளாகவில்லை. பெர்க்லியில் தமிழ் கற்பித்த ஜார்ஜ் ஹார்ட், ஹாங்க் ஹைஃபட்ஸ் இருவரின் முழுமையான புறநானூற்று மொழிபெயர்ப்பு 1999இல் வெளிவந்தபின், தமிழ் எழுத்தறியாத மூன்றாம் தலைமுறையும் இப்பாடல்களைப் படிக்க இயலும். விரிகுடாப் பகுதிப் பயிற்சிக்கூடங்களின் வாசலிலேயே இந்த ஆறு பாடல்களும் கிடக்கின்றன. எனினும் மேடைத் தொகுப்புரை போதிதருமரையே நாடுகிறது.

மேடையும் எட்டும் தொலைவும்

சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்னும் வேறுபாட்டை ஆசான்களே வகுத்துள்ளனர். முன்னது சுழற்சியின் ஒழுங்கையும் அழகையும் காட்டுவது. பின்னது எதிராளியோடு பொருவது. இரண்டுக்கும் பொதுவான அடிப்படை காலடி. ஊர்ப்புற மரபில் கம்பு கைக்கு வருமுன் காலடி வரிசைகளே நெடுநாள் பயிற்றப்படும். வணக்க வரிசையும் அதன்பின் வரும் காலடியும் கற்பிப்பது ஒன்றைத்தான்: எதிராளியின் கம்பு எட்டும் தொலைவு எது, எட்டாத தொலைவு எது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எத்தனை அடி வேண்டும். ஆளின் நெற்றி உயரத்துக்கு அளந்தெடுக்கும் கம்பு இத்தொலைவின் அளவுகோலும் ஆகிறது.

தொடுமுறைப் போட்டிகளில் இவ்வறிவு இன்றும் உயிரோடிருக்கிறது. எதிராளியின் உடலில் கம்பு முனை பட்ட இடத்தைக் கொண்டு புள்ளி கணிக்கப்படும். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபின் இப்போட்டி முறைக்குப் புதிய மதிப்பும் வந்துள்ளது. அமெரிக்க விழா மேடையில் பெரிதும் காணப்படுவது வீச்சு மட்டுமே. இருபது பிள்ளைகள் ஒருவரையொருவர் தொடாத இடைவெளியில் நின்று, திரையிசைக்கு ஏற்பக் கம்பு சுழற்றுகின்றனர். தோள், மணிக்கட்டு, இடுப்பு ஆகியவற்றின் இயக்கத்துக்கும் இருகைப் பழக்கத்துக்கும் இது சிறந்த பயிற்சி. கணினித் திரைமுன் வளரும் தலைமுறைக்கு இந்நன்மை சிறிதன்று. ஆனால் எதிராளி இல்லாத இடத்தில் தொலைவு என்னும் கருத்தே எழுவதில்லை.

இந்நிலை சிலம்பத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1940இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து 1964இல் ஓக்லந்தில் பயிற்சிக்கூடம் நடத்திய புரூஸ் லீ, எதிராளியில்லாத வரிசைகளைத் தரையில் நீச்சல் பழகுவதற்கு ஒப்பிட்டார். 1950களின் பிற்பாதியில் டெக்சசின் சான் மார்க்கசுக்கு மாணவராக வந்து தைக்குவாண்டோ கற்பித்த ஜூன் ரீ இரு திசையிலும் நடந்தவர். வரிசைகளை மேலையிசைக்கு அமைத்து மேடையேற்றியவரும் அவரே. ஒருவரையொருவர் அடித்துப் பழகுவதற்கான நுரைமக் காப்புறைகளை உருவாக்கியவரும் அவரே. இசைக்கு ஆடும் சிலம்பம் குற்றமாகாது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. காப்புறையை மறந்து இசையை மட்டும் எடுத்துக்கொண்டதே அமெரிக்கத் தமிழ் மேடையின் குறை.

மறைப்பின் அறம்

சரில்லி 1976இல் கேரளம் சென்று திருவனந்தபுரம் சி.வி.என். களரியில் கோவிந்தன்குட்டி நாயரிடம் பயின்றவர்; பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் இங்கிலாந்தின் எக்சிட்டரிலும் நடிகர்க்கு அப்பயிற்சியை அளித்தவர். அவரது நூலின் வலிமை, ஆற்றல் என்பதை ஒற்றைப் பொருளாகக் கொள்ளாமையில் உள்ளது. உடற்பயிற்சி, எண்ணெய்த் தேய்ப்பு, மந்திரம், குருவின் அருள், குலத்தின் உரிமை, மேடைப் பார்வையாளரின் வியப்பு ஆகிய ஒவ்வொன்றும் ஒருவகை ஆற்றலைப் படைக்கிறது என்றும், ஒரே கலை அவையவையாக மாறுகிறது என்றும் அவர் காட்டுகிறார். குமரி மாவட்டத்து அடிமுறையும் வர்மமும் அந்நூலில் இடம்பெறுகின்றன. ஆயினும் வடக்கத்திய களரியின் வேறுபாட்டை விளக்கும் ஒப்பீட்டுப் பொருளாகவே பெரிதும் நிற்கின்றன. அக்குறையைச் சீலர் நிறைவு செய்தார். குமரி மாவட்டத்து ஆசான்களிடையே நெடிது தங்கி எழுதிய அவரது நூலில் அடிப்பவரும் ஆற்றுபவரும் ஒருவரே. தொடுவர்மம் 96, படுவர்மம் 12 என 108 புள்ளிகளை அறிந்தவர் அவற்றின் இளக்குமுறையையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அம்மரபின் இலக்கணம்.

சீலரின் மையக் கேள்வி மறைப்பு. ஏன் ஆசான் கற்பிக்க மறுக்கிறார்? சுவடிகள் ஏன் பூடகமாகப் பேசுகின்றன? அறிவைத் தமக்குள் வைத்துப் பயன்பெறும் தன்னலம் என்று இதை விளக்கிவிடலாம். சீலர் அவ்வளவில் நிற்பதில்லை. மறைப்பதே அவ்வறிவின் மதிப்பையும் ஆசான் மாணாக்கர் உறவையும் உருவாக்குகிறது என்று வாதிடுகிறார். இவ்வாதம் ஏற்கத்தக்கது. எனினும் தற்காப்பு நோக்கிலிருந்து பார்த்தால் வேறொரு பொருளும் புலப்படும். ஆசான் ஆண்டுக்கணக்கில் மாணாக்கரிடம் சோதிப்பது அவர் சினத்தை. சினம் அடங்காதவருக்குக் கலை கிடைக்காது. தற்காப்பு உளநிலை என்று இன்று அழைக்கப்படுவது, இம்மரபில் பாடத்தின் பகுதியாக அமையாமல் பாடத்துக்குள் நுழையும் வாயிலாக அமைந்தது.

அமெரிக்கப் பயிற்சிக்கூடத்தில் அவ்வாயில் இல்லை, இருக்கவும் இயலாது. மாதக் கட்டணமும் பொறுப்புத் துறப்புப் படிவமும் கொடுத்த எவருக்கும் கற்பிப்பதே அங்கு நேர்மை. இதைச் சீரழிவு என்று புலம்புவதில் பொருளில்லை. குலம் பார்த்தும் ஆண்மகனா என்று பார்த்தும் அடைக்கப்பட்ட வாயில் திறந்தது நல்லதே. ஆனால் வாயிலில் நிகழ்ந்த சோதனை நீங்கும்போது அதன் பணி பாடத்துக்குள் வந்தாக வேண்டும். வரவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை கூறல்.

குலம் பற்றி ஒரு சொல். ஆங்கிலப் படை அலுவலர் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் சின்ன மருது என்று எழுதினார். 1801இல் அதே மருதுவை வேட்டையாடிய படையில் அவரும் இருந்தார். கள்ளர் நாட்டு வளரி, குமரி நாடார் ஆசான்களின் அடிமுறை என்று ஒவ்வொன்றும் இடமும் குடியும் சார்ந்தே வளர்ந்தது. புலம்பெயர் மேடை இவையனைத்தையும் தமிழர் வீரக்கலை என்னும் ஒரே பெயரில் அடக்குகிறது. ஒற்றுமைக்கு அது உதவலாம். ஆனால் யாருடைய ஆசான் என்ற வினாவும் அதனோடு மறைந்துபோகிறது.

அச்சம்

1987இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி நகரில் இந்தியருக்கு எதிரான தாக்குதல்கள் தொடர்ந்தன. தாக்கிய கும்பல் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பொட்டை உடைப்போர் என்று பொருள்படுவது. இந்தியரை வெளியேற்றுவோம் என்னும் அவர்களது கடிதம் உள்ளூர்ச் செய்தித்தாளிலேயே அச்சானது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அண்டை நகரான ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்னும் இளம் வங்கி அலுவலர் இளைஞர் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். 2022 ஆகஸ்டில் டெக்சசின் பிளேனோவில் உணவகத்தை விட்டு வெளிவந்த இந்தியப் பெண்கள் நால்வர் வாகன நிறுத்திடத்தில் இனவெறிச் சொற்களோடு தாக்கப்பட்ட காட்சி உலகெங்கும் பரவியது. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். புலம்பெயர் தமிழரின் தற்காப்பு வேட்கைக்கு உண்மையான வேர் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இவ்விரு களங்களிலும் கையில் கம்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. முதலாவதில் கூட்டம், இரண்டாவதில் சொல்லில் தொடங்கிக் கைக்கு வளர்ந்த வன்முறை. இரண்டுக்கும் வீச்சுப் பயிற்சியில் விடை இல்லை. சொல் எப்போது கையாக மாறும் என்று உணர்வதும், எந்த நொடியில் அவ்விடம் விட்டு அகல்வது என்று முடிவெடுப்பதும் வேறு பயிற்சி.

அமெரிக்கத் தற்காப்பு எழுத்து இப்பயிற்சியைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறது, ஒரே குரலில் அல்ல. துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் 1972இல் வெளியிட்ட சிறுநூல் விழிப்பு, முடிவெடுத்தல், விரைவு முதலான ஏழு நெறிகளை வகுத்தது. அவற்றுள் இரக்கமின்மையும் ஒன்று. வர்ம ஆசான் இவ்வொன்றைக் கண்டால் நூலை மூடிவைத்திருப்பார். 1997இல் வெளிவந்த கேவின் டி பெக்கரின் நூல் வேறு திசையில் சென்றது. உண்மையான அச்சம் உடல் தரும் செய்தி. அதை நாகரிகம் கருதி அடக்குவதே ஆபத்து என்பது அவர் வாதம். அந்நூலின் புகழுக்குக் காரணம் பெண்களே. மின்தூக்கியில் அயலான் ஒருவனுடன் தனித்துச் செல்ல மனம் கூசியும், அவன் மனம் வருந்துமே என்று ஏறிவிடும் பெண்ணின் நிலையை அவர் விளக்கியது பலரையும் தம்மைத் தாமே காணச் செய்தது.

இவ்விடத்தில் தமிழ் மரபு ஒரு சிக்கலைத் தருகிறது. தொல்காப்பியக் களவியல் அச்சம், நாண், மடன் ஆகியவற்றைப் பெண்டிர்க்கு உரியனவாக முற்படுத்துகிறது. பிற்காலப் பேச்சில் அவை பெண்மையின் இலக்கணமாகவே இறுகின. பாரதி அவ்விறுக்கத்தை உடைக்க முயன்றார். இன்றைய அமெரிக்கச் சிலம்ப மேடை பாரதியின் பக்கமே நிற்பதாக எண்ணுகிறது: அச்சம் நீங்கிய பெண்ணைக் காட்டுகிறது. இங்கே ஒரு பிழை நேர்கிறது. களவியல் கூறும் அச்சம் வேறு. ஆபத்தின்முன் உடல் எழுப்பும் அச்சம் வேறு. முன்னது கற்பிக்கப்பட்ட ஒடுக்கம். பின்னது அறிவின் தொடக்கம். பெண்ணைக் காக்கத் தவறுவது பெரும்பாலும் நாணமே: சத்தமிட நாணுதல், அறிந்தவரை ஐயுற நாணுதல், மறுத்துரைக்க நாணுதல். திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையைப் பேதைமை என்றே கூறுகிறது (428). அது ஆண்பெண் வேறுபாடின்றிச் சொல்லப்பட்டது. அச்சத்தைப் பெண்ணிடமிருந்து நீக்குவதைவிட நாணத்தை நீக்குவதே தற்காப்புக் கல்வியின் பணி என்று இக்குறளைக் கொண்டு வாதிட இடமுண்டு.

புறப்பாடல்களை வீரமகளிர்க்குச் சான்றாகக் காட்டும் வழக்கத்தையும் இங்கே எச்சரிக்கையோடு நோக்கவேண்டும். காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார் ஆகியோர் பாடல்களில் (278, 279) பெண்ணின் மறம் மகனைக் களத்துக்கு அனுப்புவதிலும் அவன் புறங்காட்டாததில் மகிழ்வதிலும் நிற்கிறது. தன் உடலைத் தானே காத்தல் அங்கே பேசுபொருளாகவில்லை. நக்கண்ணையாரின் பாடல்களோ வேறு உண்மையைச் சொல்கின்றன. விரும்பிய ஆடவன் பொருவதைப் பனைமரத்தருகே நின்று பார்க்கும் அப்பெண், தாய்க்கு அஞ்சுவதாகவும் அவைக்கு நாணுவதாகவுமே சொல்கிறாள். அவள் அச்சத்தைப் பாடல் இகழவில்லை, அவளையும் கோழையாக்கவில்லை.

அச்சத்தையும் நாணத்தையும் பிரித்தறியும் கல்வி பயன் தருமா என்பதற்குச் சான்று உண்டு. சார்லின் சென்னும் அவர்தம் குழுவினரும் கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியரிடையே நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி பெற்றவருள் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் 5.2 விழுக்காடு; விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளை மட்டும் பெற்றவருள் அது 9.8 விழுக்காடு. இங்கே நோக்கத்தக்கது அப்பாடத்தின் அமைப்பு. ஆபத்தை மதிப்பிடுதல், அறிந்தவரிடமிருந்து வந்தாலும் அது ஆபத்தே என்று தனக்குள் ஒப்புக்கொள்ளுதல், செயற்படுதல் என்னும் வரிசையில் அது அமைந்தது. உடலால் தாக்கி விடுபடும் பயிற்சிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமே தரப்பட்டது. கையை விட மனத்துக்கு ஐந்து மடங்கு நேரம். ஆண்டுக்கணக்கில் கம்பு பழகும் சிறுமிக்கு அந்த மனப்பயிற்சி ஒரு மணி நேரமாவது கிடைக்கிறதா என்று பெற்றோர் கேட்கும் நாளில் பாடத்திட்டம் மாறும்.

இடனறிதல்

குறளின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் (48, 49, 50) அரசியலின்பாற்பட்டவை. பரிமேலழகர் அவ்வாறே உரைகண்டார். ஆயினும் அவற்றின் உவமைகள் உடற்போரின் அறிவிலிருந்து எழுந்தவை. ஆழ்நீரில் வெல்லும் முதலை கரையில் தோற்பது, சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொல்வது, பகலில் கூகையைக் காக்கை வெல்வது ஆகிய மூன்றிலும் வலிமை நிலையான பொருளாக இல்லை. இடமும் காலமும் அதைக் கூட்டிக் குறைக்கின்றன. தாக்கும் ஆட்டுக்கடா பின்வாங்குவதைப் பேசும் குறள் (486) சிலம்பக் காலடியின் பின்னடிக்கு எழுதிய உரைபோலவே இருக்கிறது. பின்னடி தோல்வியின் அடையாளமாகாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நெருக்கமான பனுவல் தமிழில் கிடைப்பது கடினம்.

அமெரிக்காவில் இடனறிதல் சட்டப் பொருளும் ஆகிறது. நியூ ஜெர்சிச் சட்டப்படி, தன் வீட்டுக்கு வெளியே முழுப் பாதுகாப்போடு விலகிச் செல்ல இயலும் என்று அறிந்திருந்தும் உயிர்போக்கவல்ல விசையைப் பயன்படுத்துபவர்க்குத் தற்காப்பு என்னும் வாதம் கிட்டாது. டெக்சசில் 2007இல் திருத்தப்பட்ட சட்டம், உரிமையோடு நிற்குமிடத்தில் தாமே சண்டையைத் தூண்டாமலும் குற்றச்செயலில் ஈடுபடாமலும் இருப்பவர்க்கு விலகும் கடமையை விதிப்பதில்லை. கலிபோர்னியாவில் நின்று எதிர்க்கும் உரிமை நீதிமன்ற மரபாலும் நடுவர் குழுவுக்குத் தரப்படும் அறிவுறுத்தல்களாலும் நிலைபெற்றது. மூன்று மாநிலங்களிலும் ஆபத்து உடனடியானது என்று நம்புவதற்கு நியாயமான காரணமும், ஆபத்தின் அளவுக்குத் தக்க விசையும் வேண்டப்படுகின்றன. ஒரே கம்படி, ஒரே நோக்கம். எடிசனில் ஒரு பொருள், ஆஸ்டினில் வேறு பொருள். மண்டையைக் குறிவைக்கும் வீச்சை மேடையில் கைதட்டலுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர், அவ்வடியைச் சட்டம் எவ்வாறு நோக்கும் என்பதையும் அதே வகுப்பில் சொல்லக் கடமைப்பட்டவர்.

பின்னடியின் பொருளை ஆசான்கள் எச்சொற்களால் கற்பித்தனர் என்பது இன்னும் தொகுக்கப்படவில்லை. காலடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர், ஏவற்சொற்கள் வேறு, எந்நேரம் அடிக்கக்கூடாது என்பதற்கான கண்டிப்புமொழிகளும் வேறு. பேரப்பிள்ளைகளைக் காணத் தென்மாவட்டங்களிலிருந்து ஆறு மாத நுழைவுரிமையில் வரும் முதியோருள் இளமையில் கம்பெடுத்தவர் உண்டு. பெர்க்லி போன்று தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இப்பகுதிகளுக்கு அருகிலேயே உள்ளன. அம்முதியோரை ஒலிப்பதிவுக் கருவியின்முன் அமர்த்தி, கம்பைக் கையில் கொடுத்து, காலடியைப் பெயர் சொல்லி வைக்கச் செய்வதற்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை. முதலில் கேட்கவேண்டியது எப்படி அடிப்பது என்பதை அல்ல. எந்த அடியை ஆசான் அவருக்குக் கடைசிவரை கற்பிக்கவில்லை, ஏன் என்பதை.